நெதர்லாந்தில் முதல் ஹார்ட்கோர் இரவு: டிக்கெட் வாங்குவதிலிருந்து வீடு திரும்பும் வரை

மூன்று வருடம் முன்பு, டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு பெரிய அரங்கத்தின் வாசலில் போனை நீட்டினேன். ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த டிக்கெட்டில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார் என்றார் காவலர். முகநூலில் முகம் தெரியாத ஒருவரிடம் 70 யூரோ கொடுத்து வாங்கிய பிடிஎஃப் அது. அதே பிடிஎஃப்பை அவர் இன்னும் எத்தனை பேருக்கு விற்றாரோ! உள்ளிருந்து வந்த இசையின் அடி கால் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. நான் ஊருக்கு ரயில் பிடித்தேன்.

இரண்டாவது தடவை டிக்கெட் சரியாக இருந்தது, அடையாள அட்டையை எடுத்துப் போகவில்லை. மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டேன், திரும்பி வர ரயில் இல்லை. இந்த மூன்றும் உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். படிக்கவோ வேலைக்கோ நெதர்லாந்து வந்து, கபர் என்றும் ஹார்ட்கோர் என்றும் அழைக்கப்படும் இந்த அதிவேக மின்னணு நடன இசையில் மனதைக் கொடுத்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது. கபர் என்ற டச்சுச் சொல்லுக்கு நண்பன் என்று பொருள். உள்ளே போனபின் அந்தப் பெயர் பொருத்தமானது என்று உங்களுக்கே தெரியும். தொந்தரவெல்லாம் வாசலுக்கு வெளியேதான்.

1. எந்த இரவு என்று முடிவு செய்யுங்கள்

பெரிய நிகழ்வுகள் வருடத்தில் சிலதான். உட்ரெக்டின் யார்பியூர்ஸ் அரங்கில் டிசம்பரில் தண்டர்டோம். டென் போஸில் பிராபாந்த்ஹாலன் அரங்கில் மார்ச் வாக்கில் மாஸ்டர்ஸ் ஆஃப் ஹார்ட்கோர். ஜூலையில் ஐந்தோவனுக்குப் பக்கத்தில் ஏர்சல் என்ற ஊரின் ஏரிக்கரையில் டாமினேட்டர். பிடிங்ஹவுசனில் ஜூன் கடைசியில் நடக்கும் டெஃப்கான் 1 முக்கியமாக ஹார்ட்ஸ்டைல் விழா, அது ஹார்ட்கோரைவிட வேகம் சற்றுக் குறைந்த உறவு இசை. அங்கே ஹார்ட்கோருக்குத் தனி மேடை உண்டு, கூடாரம் போட்டு வார இறுதி முழுக்கத் தங்கலாம். தேதி வருடத்துக்கு வருடம் நகரும், அதனால் நிகழ்வின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவுக்குச் சின்ன இடமே நல்லது என்பது என் எண்ணம். ஐந்தோவனில் எஃபனார், டில்பர்க்கில் 013, நைமேகனில் டோர்ன்ரோஷ் போன்ற இசைக்கூடங்கள் பெரும்பாலான நகரங்களில் இருக்கின்றன. இவற்றிலும் கிளப்புகளிலும் ஹார்ட்கோர் இரவுகள் நடப்பதுண்டு. டிக்கெட் 15 முதல் 30 யூரோ, வீட்டுக்கு சைக்கிளிலேயே திரும்பலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரு மணிக்குக் கிளம்பிவிடலாம். எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்க பார்ட்டிஃப்ளாக் தளம் போதும்.

ஹார்ட்கோர் என்ற பெயருக்குள் பல வகை இருக்கிறது. சுவரொட்டியில் மேடைப் பெயரைப் பார்த்துவிட்டுப் போங்கள். 'எர்லி' என்றால் 90-களின் பழைய ராட்டர்டாம் ஒலி, பால் எல்ஸ்டாக் போன்றவர்கள். 'மெயின்ஸ்ட்ரீம்' என்றால் ஆங்கர்ஃபிஸ்ட் வகை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 முதல் 180 அடி. டாக்டர் பீகாக் வாசிக்கும் ஃபிரெஞ்ச்கோரில் துள்ளல் அதிகம், வேகமும் அதிகம். 'அப்டெம்போ' 200 அடியைச் சுற்றி ஓடும், 'டெரர்' அதையும் தாண்டும். பறை அடி நெஞ்சில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு முதல் இரண்டும் உடனே பிடிக்கும். அப்டெம்போ மேடையில் முதல் அரை மணி நேரத்திலேயே மூச்சு வாங்கிவிடும், அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

2. டிக்கெட்

பெரிய நிகழ்வுக்குக் கட்டணங்களையும் சேர்த்து 70 முதல் 100 யூரோ வரை எடுத்து வையுங்கள். விற்பனை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். நிகழ்வின் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்து முன்பதிவு செய்திருந்தால் பொது விற்பனைக்கு முன்பே வாங்கும் வாய்ப்பு கிடைக்கும். பதிவு இலவசம், செய்து வையுங்கள். முதல் கட்ட டிக்கெட்டுகள்தான் மலிவு.

பணம் கட்டுவது பெரும்பாலும் ஐடீல் என்ற இணைய வங்கி முறையில்தான், அதற்குப் பொதுவாக டச்சு வங்கிக் கணக்கு வேண்டும். புதிதாக வந்தவர்களுக்குக் கணக்குத் திறக்கவே சில வாரம் ஆகிவிடும். அதுவரை கிரெடிட் கார்டு ஓடும், பல இடங்களில் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள்.

டிக்கெட் தீர்ந்துவிட்டதா? நிகழ்வு நடத்துபவர்கள் தங்கள் தளத்திலேயே கைகாட்டும் மறுவிற்பனை வழியில் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் அது டிக்கெட்ஸ்வாப்பாக இருக்கும். அங்கே மூல விலைக்கு மேல் 20 சதவீதம் வரைதான் ஏற்றி விற்க முடியும். நிகழ்வோடு இணைப்பு இருந்தால் விற்பவரின் பழைய பார்கோடு செத்துப்போய், உங்கள் பெயருக்குப் புதியது வரும். அந்த வசதி இருக்கிறதா என்று அறிவிப்பிலேயே குறி போட்டிருக்கும். வாட்ஸ்அப் குழு, முகநூல், அரங்க வாசல் ஆகிய மூன்றும் வேண்டாம். "டிக்கி (காசு கேட்டு அனுப்பும் இணைப்பு) அனுப்புறேன், காசு போட்டதும் பிடிஎஃப் வரும்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நண்பரின் நண்பர் என்றாலும் இதே விதிதான். என் 70 யூரோ அப்படி ஒரு பிடிஎஃப்பில்தான் போனது.

நம்மவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. சில நிகழ்வுகளில் டிக்கெட்டில் பெயர் அச்சாகும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ ஒரே பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில், நம் பெயர் ஓரிடத்தில், சிலருக்கு ஒரு கட்டமே காலி. பள்ளிச் சான்றிதழில் எப்படி, முகநூலில் எப்படி என்று யோசிக்காதீர்கள். வாசலில் எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே போடுங்கள், எனக்கு அது இதுவரை ஓடியிருக்கிறது. வாங்கிய பிறகு தப்பைப் பார்த்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கடைசி வாரத்தில் பதில் வராது.

3. அடையாள ஆவணம்

இந்த நிகழ்வுகள் பெரும்பாலும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். உங்கள் தலை நரைத்திருந்தாலும் அட்டையைக் கேட்கலாம். அதோடு, நெதர்லாந்தில் 14 வயது நிரம்பிய எல்லாரும் போலீஸ் கேட்டால் அடையாளம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

காட்ட வேண்டியது பாஸ்போர்ட் அல்லது நெதர்லாந்து குடியிருப்பு அனுமதி அட்டை, அதுவும் மூலம். ஆதார், இந்திய அல்லது இலங்கை ஓட்டுநர் உரிமம், பல்கலைக்கழக அட்டை, போனில் எடுத்த பாஸ்போர்ட் படம் ஆகியவற்றை நம்பிப் போகாதீர்கள். நான் இரண்டாம் தடவை போன் படத்தோடு போய், காவலரிடம் பத்து நிமிடம் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை, அசையவும் இல்லை.

குடியிருப்பு அட்டை கைக்கு வந்துவிட்டால் அதையே கொண்டு போங்கள். பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும். ஆயிரக்கணக்கான பேர் குதிக்கும் இடத்தில் பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார், தூதரகம், புது விசா ஒட்டு என்று நீண்டுகொண்டே போகும். அட்டை இன்னும் வரவில்லை என்றால் பாஸ்போர்ட்டைத் தவிர வழியில்லை. ஜிப் வைத்த உள் பையில் போட்டு, உள்ளே போனதும் லாக்கரில் வைத்துவிடுங்கள்.

ஜெர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வருபவர்களுக்கு அந்த நாட்டுக் குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து இருந்தால் போதும், தனி விசா வேண்டாம். பிரிட்டனில் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து நேராக வருபவர்களுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக விடக் கூடாது. கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தோடு நிகழ்வு டிக்கெட்டையும் தங்கும் இடத்தின் பதிவையும் இணையுங்கள். ஆனால் விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் காசு திரும்பாது. டிக்கெட்ஸ்வாப்பில் விற்றுவிடத்தான் வேண்டும்.

4. போகும் வழி, திரும்பும் வழி

உள்ளரங்க நிகழ்வுகள் இரவு 9, 10 மணிக்குத் தொடங்கி காலை 6, 7 வரை ஓடும். வெளியரங்கம் என்றால் காலை 11-லிருந்து இரவு 11 வரை. திரும்பும் ரயிலைப் பார்த்து வைத்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

யார்பியூர்ஸ் சுலபம், உட்ரெக்ட் மத்திய நிலையத்துக்குப் பின்பக்கமே. பிராபாந்த்ஹாலனுக்கு டென் போஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 20 நிமிட நடை. ஏர்சலிலும் பிடிங்ஹவுசனிலும் ரயில் நிலையமே கிடையாது. பக்கத்து நிலையத்திலிருந்து நிகழ்வுப் பேருந்து விடுவார்கள், அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பல நகரங்களிலிருந்து நேராக அரங்கத்துக்கே போய்வரும் பார்ட்டிப் பேருந்துகளும் உண்டு. தனியாகப் போகும் புதியவருக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். நிகழ்வு முடிந்து உங்களை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும், போகும்போதே நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

இரவு ரயில்கள் ராட்டர்டாம், டென் ஹாக், லைடன், ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட் வழியில் மணிக்கு ஒன்று போல ஓடுகின்றன. ஐந்தோவன், டில்பர்க் பக்கம் முக்கியமாக வார இறுதி இரவுகளில்தான். மற்ற ஊர்கள் பலவற்றுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டும். அதிலும் ஞாயிறு காலை முதல் ரயில் வார நாளைவிடத் தாமதம். இதைப் பார்க்காமல்தான் நான் வியர்வையில் நனைந்த டி-ஷர்ட்டோடு, உறைபனியில், பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். அடுத்த ஒரு வாரம் காய்ச்சல். தண்டவாளப் பராமரிப்பும் வார இறுதிகளில்தான் நடக்கும். அதனால் ரயில் செயலியில் மூன்று நாள் முன்பு ஒருமுறை, அன்று மதியம் ஒருமுறை பாருங்கள்.

வங்கி அட்டையைத் தட்டியே ரயில் ஏறலாம். இறங்கும்போதும் தட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் மறந்தால் 20 யூரோ பிடித்துவிடும். வந்த கையோடு 40 சதவீதத் தள்ளுபடிச் சந்தா எடுத்திருந்தால் வார இறுதியில் அது செல்லும்.

5. காது

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்பது வேலையிடப் பாதுகாப்புக் கணக்கில் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். ஹார்ட்கோர் அரங்கில் ஒலி அந்த அளவில்தான் இருக்கும், நீங்களோ எட்டு மணி நேரம் நிற்கப்போகிறீர்கள்.

பஞ்சு போன்ற மஞ்சள் இயர்பிளக் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் இசையைப் போர்வைக்குள் போட்டுவிடும். வடிகட்டி வைத்த இயர்பிளக் க்ரைட்ஃபாட், ஏட்டோஸ் கடைகளில் 15 முதல் 30 யூரோவுக்குக் கிடைக்கும், பல வருடம் வரும். வீட்டில் போட்டுப் பழகுங்கள். காதின் மேல் நுனியைப் பின்னால் இழுத்துக்கொண்டு திருகிச் செருக வேண்டும், உங்கள் குரலே உங்களுக்குக் கனமாகக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போகும் முன் போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேடையைவிட்டு வெளியே வந்து காதுக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். மறுநாள் விசில் கேட்டால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும் என்று பொருள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

வலிப்பு இருப்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள்: மின்னும் விளக்குகள் இரவு முழுக்க ஓடும்.

6. உடை, பை, லாக்கர்

டிராக் சூட், ஏர் மேக்ஸ் ஷூ, மொட்டைத் தலை எல்லாம் கட்டாயம் என்று நினைத்துக் காசு செலவழிக்காதீர்கள். பழக்கப்பட்ட ஓடும் ஷூ, மெல்லிய டி-ஷர்ட், மாற்ற ஒன்று. கால்பந்துக் கழகச் சட்டைக்கும் அரசியல் அல்லது வெறுப்புச் சின்னங்களுக்கும் பெரும்பாலான இடங்களில் தடை. பெரிய பையோடு போனால் திருப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் கனமான கோட் போடத்தான் வேண்டும், அதனால் லாக்கரை டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள். சுமார் 10 யூரோ. அன்றிரவு போய்க் கேட்டால் வரிசையில் ஒரு மணி நேரம் போகும்.

மொட்டைத் தலைக் கூட்டத்தைப் பார்த்து எனக்கு முதலில் பயமாக இருந்தது. நம் நிறத்தோடு தனியாக உள்ளே போகலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். 90-களில் இனவாதிகள் சிலர் இந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது உண்மை. அப்போதே மோகும் ரெக்கார்ட்ஸ் போன்ற இசைத்தட்டு நிறுவனங்கள் இனவாதத்துக்கும் பாசிசத்துக்கும் எதிராக கபர் ரசிகர்கள் ஒன்றுபட்டு நிற்பதாகத் தங்கள் வெளியீடுகளிலேயே அச்சிட்டன. மூன்று வருடத்தில் எனக்கு ஒரு கெட்ட வார்த்தை விழவில்லை. விழுந்தால் சீருடைக் காவலரிடம் உடனே சொல்லுங்கள்.

7. வாசலும் உள்ளேயும்

கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடுங்கள். பின்னால் வந்தால் வரிசை நீளும், சில இடங்களில் நள்ளிரவோடு நுழைவை மூடிவிடுவார்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. தண்ணீர்ப் பாட்டில், வாசனைத் தெளிப்பான், லேசர் பேனா எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருந்தால் பெயர் ஒட்டிய பெட்டியோடு, சீட்டோடு கொண்டு போங்கள்.

உள்ளே பல இடங்களில் ரொக்க யூரோ செல்லாது. பெரும்பாலும் 'முன்ட்' என்ற டோக்கனோ, கைப்பட்டையில் ஏற்றும் காசோதான். மீந்ததைத் திருப்பித் தருவதற்கு விதிமுறை இருக்கும், இல்லாமலும் இருக்கும், அதனால் 20 யூரோவுக்கு முதலில் வாங்குங்கள். கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், காலி கோப்பையைக் கீழே போடாமல் திருப்பிக் கொடுங்கள். சைவம் என்றால் பட்டாத் எனும் உருளைக்கிழங்கு வறுவல் எப்போதும் உண்டு. போகும் முன் வீட்டிலேயே சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காலை வரை தாங்கும்.

ஆட்டத்துக்குப் பெயர் ஹாக்கன். டச்சில் அதற்குக் கொத்துவது, வெட்டுவது என்று பொருள். நம் ஊர்க் கொத்துப் பரோட்டாக் கல்லில் விழும் அடியைக் காலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் சும்மா குதித்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், பச்சை டிராக் சூட், என் தோளைத் தட்டி நிறுத்தினார். பேசினால் கேட்காது. தன் காலைக் காட்டினார். முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கிறது. ஓர் அடிக்கு வலது குதிகால் முன்னால் போய்த் தரையைத் தொடுகிறது, அடுத்த அடிக்கு அது பின்னால் வந்து இடது போகிறது. எடை இடுப்பில். கைகள் மார்புக்குப் பக்கத்தில், தானாக ஆடுகின்றன. பாதி வேகத்தில் நாலு தடவை செய்து காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எட்டாவது அடியில் தடுமாறினேன். மறுபடி காட்டினார். பாட்டு முடிவதற்குள் கால் பிடித்துக்கொண்டது. அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். நீங்களும் ஒருவரிடம் கேளுங்கள், சொல்லித்தர ஆள் இருக்கும்.

8. போதைப்பொருள்

எக்ஸ்டசி உட்பட எல்லாக் கடும் போதைப்பொருளும் நெதர்லாந்தில் சட்டவிரோதம். காபி ஷாப்பில் கஞ்சா விற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். வாசலில் சோதனை உண்டு, மோப்ப நாயும் வரலாம். குற்றப் பதிவு விழுந்தால் குடியிருப்பு அனுமதி நீட்டிப்புக்கே ஆபத்து, இது நம்மைப் போன்றவர்களுக்கு அபராதத்தைவிடப் பெரிய இழப்பு. யாருக்காகவும் எதையும் பையில் சுமக்காதீர்கள். தெரியாதவர் தரும் பானத்தையும் குடிக்காதீர்கள்.

பக்கத்தில் யாராவது உடம்பு கொதித்து, தாடை இறுகி, பேச்சு குழறி நின்றால் தயங்காமல் முதலுதவிக்குக் கூட்டிப் போங்கள். பலகையில் ஈ.எச்.பி.ஓ. என்ற நாலு எழுத்து இருக்கும், டச்சுக்காரர்கள் 'ஏ-ஹா-பே-ஓ' என்பார்கள். என்ன எடுத்தார், எப்போது, எவ்வளவு என்று உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் வேலை உயிரைப் பார்ப்பது, காட்டிக்கொடுப்பது கிடையாது. அரங்கத்துக்கு வெளியே என்றால் 112.

9. அனுமதியில்லா ரேவ்

இரவு பத்து மணிக்கு டெலிகிராமில் இடம் அனுப்புவார்கள், காட்டுக்குள்ளோ பாழடைந்த கிடங்கிலோ ஆட்டம். அதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே முதலுதவி இல்லை, அவசர வழி இல்லை, போலீஸ் வந்து கலைத்தால் நடுக்காட்டில் நிற்பீர்கள். பிரான்சில் இருப்பவர்கள் கவனிக்க: 500 பேருக்கு மேல் கூடும் இத்தகைய நிகழ்வை மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் ஒலிக்கருவிகளைப் பறிமுதல் செய்வார்கள். அனுமதி அட்டையில் வாழும் ஒருவருக்கு முதல் வருடத்தில் இது வேண்டாம் என்பேன்.

10. செலவும் நேரமும்

ஐந்தோவனிலிருந்து உட்ரெக்ட் போய்வந்த என் கடைசி இரவின் கணக்கு: டிக்கெட் 90, லாக்கர் 10, தள்ளுபடியோடு ரயில் 22, உள்ளே குடித்ததும் சாப்பிட்டதும் 35. மொத்தம் 157 யூரோ. முதல் தடவை போகிறவர்கள் இயர்பிளக்குக்கு 20 சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் நிகழ்வுக்கு வசந்த காலத்திலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். விசா வேண்டியவர்கள் செப்டம்பருக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். லாக்கரை டிக்கெட்டோடும், பேருந்தை ஒரு மாதம் முன்பும் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் முன்பு டிக்கெட்டைப் போனில் இறக்கி, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள், உள்ளே சிக்னல் கிடைக்காது. அன்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். கிளம்பும்போது கதவருகே நின்று பையைத் தொட்டுப் பாருங்கள்: அட்டை, போன், இயர்பிளக், வீட்டுச் சாவி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கெண்டைக்கால் திங்கள் வரை வலிக்கும்.